பெயர்தல்

மிஸ்டர் பாஸ்க் பெவர்லியிலிருந்து பஸ்ஸில் வந்தார்.
சுருட்டிய வரைபடம், ரொட்டிப் பொட்டலம்,
இருமல் மிட்டாய் டப்பா நிறையச் சிவப்புக் குண்டூசி.
அம்மா வழியில் அவர் ஹில்டர்சி.
நான் கல்யாண வழியில்.
அந்த வழி அடைபட்டு இருபத்தாறு வருடம்;
அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

கேஸ் ரசீதுகளைத் தள்ளிவிட்டு
என் மேசையில் யார்க்‌ஷயரின் கிழக்குக் கரையை விரித்தார்.
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று: அறுபத்திரண்டு பேர்.
எல்லோரும் கடலிலிருந்து ஒரு நாள் நடைக்குள்.
பாட்ரிங்டனில் ஒரு கொல்லன்,
வித்தர்ன்சியில் இரண்டு வேலைக்காரப் பெண்கள்,
ஹல் துறைமுகச் சந்தில் ஒரே வீட்டில் பதினான்கு.
ஹம்பர் ஆற்றைத் தாண்டியவன் ஒரே ஒருவன்.
“கிரிம்ஸ்பிக்குப் போய்விட்டான்” என்றார்,
வீட்டை விட்டு ஓடியவனைச் சொல்வதுபோல்
குரலைத் தாழ்த்தி.

எழுத்தும் நிலைக்கவில்லை.
இங்கே யார் நாக்கிலும் ஹ தங்காது,
ஹல்லையே அல் என்போம்.
காதில் விழுந்ததைப் பாதிரி எழுதினார்:
இல்டர்சி, எல்டர்சே,
அவசரமான ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் எல்டர்.
ஊர் கடலில் விழும் முன்பே
முதல் எழுத்து விழுந்துவிட்டது.

ஊர் இருந்தது.
முப்பது வீடு, ஒரு தேவாலயம், விலாங்குக் குளம்.
இப்போது அது எங்கே என்று
என் ஜன்னல் வழியே விரல் நீட்டினார்:
காற்றாலைகளுக்கு இந்தப் பக்கம்,
ஒரு நண்டுப் படகு ஆடிக்கொண்டிருந்த தண்ணீர்.

எனக்கு மண் பெயர்வதுதான் தெரியும்.
இது பாறை அல்ல, டீயில் ஊறிய பிஸ்கட்.
வருடத்துக்கு இரண்டு மீட்டர்,
மோசமான குளிர்காலம் என்றால் ஐந்து.
கேரவன்களை மூன்று முறை பின்னால் இழுத்திருக்கிறேன்.
என் பார்க்கில் ஏ வரிசை கிடையாது, பி-யில் தொடங்கும்.
புதிதாக வருபவர்கள் தேடி அலைந்துவிட்டு
விளிம்புக் கயிற்றருகே போய் நிற்பார்கள்.

“இன்றைக்குப் பதினொரு பேர்” என்றார்.
“எட்டுப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள்.
டாஸ்மேனியாவில் ஒருத்தி, பதில் போடுவதில்லை.
பிறகு நீங்கள், உங்கள் மகள்.
மகளின் தகப்பனார் பக்கம்...”
பேனா மூடியைக் கழற்றினார்.

சொன்னேன்.
கெய்த் ஹில்டர்சி போனது தொண்ணூற்றெட்டில்.
கீலி பிறந்தது அதற்கு ஏழு வருடம் கழித்து.
அவள் அப்பா ஒரு கோடைக்கு ராட்டினம் ஓட்ட வந்தவர்,
கோடையோடு போனவர்.
“அப்படியானால் இந்தப் பெயரை ஏன் வைத்துக்கொண்டீர்கள்?”
“போர்டு” என்றேன்.
வாசலில் எட்டடிப் பலகை, நூற்றெண்பது பவுண்டு,
பெயின்ட் காய்வதற்குள் அவன் கிளம்பிவிட்டான்.

எங்கள் இரண்டு ஊசிகளையும் பிடுங்கினார்.
டப்பாவில் போடவில்லை.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் மழையைப் பார்த்தார்.

அவருக்காகவாவது ஏதாவது கேட்கலாம் என்று கேட்டேன்:
ஆக முதல் ஆள் யார்?
ஜான், ஹில்டர்சி ஜான்,
ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பது, தலைவரிப் பட்டியல்.
“இந்த ஊரிலா இருந்தார்?”
“இல்லை. பெவர்லியில், தோல் பதனிட்டுக்கொண்டு.”
“இங்கே இருந்தபோது என்ன கூப்பிட்டிருப்பார்கள்?”
“ஜான் என்றுதான்.
இங்கே எல்லாருமே...”
வாக்கியத்தை முடிக்காமல் ரொட்டியைப் பிரித்தார்.
விட்டு வந்தவன்மேல்தான் ஊர் ஒட்டிக்கொள்கிறது.
நான் அதைச் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.
பாதி ரொட்டியை எனக்குத் தந்தார்,
முட்டையும் கீரையும் வைத்தது.

பிறகு, வேறு நிறத்தில் ஊசி இருக்குமா என்றார்.
ஓத அட்டவணையைத் தாங்கிக்கொண்டிருந்த
இரண்டு பச்சை ஊசிகளை உருவிக் கொடுத்தேன்.
அட்டவணை சரிந்து ஹீட்டருக்குப் பின்னால் விழுந்தது.
முதல் ஊசி கீலிக்கு. எங்கே என்று கேட்டார்.
காற்றாலை ஏறக் கற்றுக்கொள்கிறாள், என்றேன்,
கிரிம்ஸ்பியில்.
முதல்முறையாகச் சிரித்தார்.
இரண்டாவதைக் கடலோரம் கொண்டுவந்து
என் கூரைமேல் சரியாக நிறுத்தினார்.

“கொஞ்சம் உள்ளே தள்ளிக் குத்துங்கள்” என்றேன்.